தவறிய நாளுக்கு அடுத்த நாள்

அந்த டைரி புத்தாண்டுக்குச் சபையில் கொடுத்தது. முதல் பக்கத்தில் வாக்குத்தத்த வசனம். அடுத்த பக்கத்திலிருந்து கோடு போட்ட கட்டங்கள்: நாலரைக்கு எழுந்தது, ஜெபம், வேதத்தில் மூன்று அதிகாரம், நடைப்பயிற்சி, சர்க்கரை போடாத காபி, பிள்ளைகளிடம் எரிந்து விழாதது. செய்ததற்கு நீல டிக். தவறியதற்குச் சிவப்பில் பெருக்கல் குறி, பேனா முனை தாளைக் கிழிக்கிற அழுத்தத்தில். சிவப்பு விழுந்த நாளுக்கு அடுத்த நாள், ஓரத்தில் சின்னதாக ‘உ’ என்று ஓர் எழுத்து. என்னவென்று கேட்டேன்.

“உபவாசம் மேடம். முந்தின நாளுக்கும் சேர்த்து.”

அவர் பள்ளி ஆசிரியை. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தூக்கம் வரவில்லை என்றுதான் ஆலோசனைக்கு வந்தார். பேசப் பேசத்தான் மற்றது தெரிந்தது. ஜெபத்தில் மனம் கொஞ்சம் சிதறினாலும் முதலிலிருந்து தொடங்குவார். ஒரு மணி நேரம் ஓடிவிடும். எங்கள் நெல்லைப் பக்கம் போதகரை ஐயர் என்போம். அந்த ஐயரிடம் ஒரே தவறை ஐந்தாறு முறை அறிக்கையிட்டிருக்கிறார். “ஆண்டவர் மன்னிச்சிட்டாரும்மா, சமாதானமா போங்க” என்று அவரும் ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். அந்தச் சமாதானம் வீட்டு வாசல் வரைக்கும்தான் வரும்.

இதைப் பக்தி அதிகம் என்று விட்டுவிடக் கூடாது. வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலை மறுபடி மறுபடி செய்ய வைக்கிற ஓசிடி என்கிற மனநோய், விசுவாசத்தின் வழியாக வெளிப்படுவதும் உண்டு. அதற்கு ஸ்க்ரூபுலாசிட்டி என்று பெயர். பழைய சரித்திரத்திலும் இந்தச் சாயல் தெரிகிறது. 1505-ல் ஜெர்மனியின் எர்ஃபர்ட் மடத்தில் சேர்ந்த, பின்னாளில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர், மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தும் நிம்மதி இல்லாமல் தவித்தார். 1522-ல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இருந்த, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா, அறிக்கையிட்டு முடித்த பாவங்களே திரும்பத் திரும்ப வதைத்ததில் உயிரை விட்டுவிடலாமா என்கிற அளவுக்குப் போனார். அன்பில்லாத ஆட்களா இவர்கள்?

எல்லாருக்கும் நோய் இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால், இன்றைக்குப் போட்ட டிக்கை வைத்து ஆண்டவருடைய அன்பை அளக்கிற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க நான் கேட்பது ஒரே கேள்வி: தவறிய நாளுக்கு அடுத்த நாள் என்ன செய்கிறீர்கள்? சரி, இன்றைக்குப் பார்ப்போம் என்று எழுகிறீர்களா, இல்லை கடன் அடைக்கிறீர்களா?

யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது, “இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்” என்ற சத்தம் வந்தது. சுவிசேஷங்களின் வரிசையைப் பாருங்கள். அதுவரை ஒரு அற்புதம் நடக்கவில்லை, ஒரு பிரசங்கம் இல்லை. பிரியம் முதலில், வேலை அப்புறம். எனக்கு மிகவும் பிடித்த வரிசை இது.

பழக்கத்தைப் பற்றிய ஆய்வும் இந்த இடத்தில் கை கொடுக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2009-ல் வெளியிட்டது அது. ஒரு செயல் தானாக நடக்கிற பழக்கமாக ஊறச் சுமார் 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் (12 வாரத்தைத் தாண்டியவை கணக்கிட்டுச் சொன்னவை). இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. அபராதத்துக்கு அங்கே வேலையே இல்லை.

மறுபக்கமும் உண்டு. “ஆண்டவர் என்னை இப்படியே நேசிக்கிறார்” என்று சொல்லி, மனைவியிடம் கத்துவதை மாற்ற மறுத்தவரும் என்னிடம் வந்திருக்கிறார். நேசிக்கிறார் என்பது உண்மை. அந்த வீட்டில் பயந்து வாழ்கிற மனைவியையும் அவர்தான் நேசிக்கிறார். பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தில் “பிரயாசப்படுங்கள்” என்று 12-ஆம் வசனம் சொல்கிறது. விருப்பத்தையும் செய்கையையும் தேவனே உண்டாக்குகிறார் என்று 13-ஆம் வசனம் சொல்கிறது. ஆசிரியை முதலாவதோடு நின்றுவிட்டார், இவர் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டார்.

ஆசிரியைக்கு மனநல மருத்துவர் மாத்திரை தொடங்கினார். என் பங்கு, பதற்றம் வந்தாலும் அதைத் தணிக்கிற சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்குவது. ஜெபத்தை ஒரே தடவை சொல்லி ஆமென் போட வேண்டும். சிதறினாலும் திரும்பக் கூடாது. அபராத உபவாசம் கிடையாது. அவர் சம்மதத்தோடு ஐயரிடமும் பேசினேன். ஒவ்வொரு முறையும் சொல்கிற ஆறுதலே அடுத்த சந்தேகத்துக்குத் தீனி போடுகிறது என்பது ஐயருக்குப் புதுச் செய்தி. அப்புறம் பழைய தவறையே ஆசிரியை மறுபடி கொண்டுபோனால், “இதுக்கு ஏற்கெனவே பதில் சொல்லியாச்சும்மா” என்று மட்டும் சொல்லி ஐயர் பேச்சை மாற்றினார். முதல் இரண்டு வாரம் ஆசிரியை மிகவும் கஷ்டப்பட்டார், அழுதார். பிறகு பதற்றம் மெல்ல மெல்ல இறங்கியது.

இப்படி யாராவது உங்கள் வீட்டிலோ சபையிலோ இருந்தால், இன்னும் ஜெபியுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416; தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

நான்காவது மாதம் டைரியை மறுபடி கொண்டுவந்தார். ஒரு செவ்வாய்க்கிழமைக் கட்டம் காலியாக இருந்தது. சிவப்புக் குறி இல்லை. புதன்கிழமை ஓரத்தில் ‘உ’ இல்லை. காலிக் கட்டத்துக்குக் கீழே நீல மையில் ஒரே வார்த்தை: “தூங்கிட்டேன்.”