துருவும் களிம்பும்: ஒரே பூட்டுக்கு இரண்டு சொற்கள்

கடலோர ஊர்களில் பாலத்தின் கைப்பிடிக் கம்பிகளில் காதலர்கள் பூட்டிவிட்டுப் போகும் பூட்டுகளைப் பற்றித் தமிழில் வரும் பயணக் கட்டுரைகளிலும், தமிழுக்கு மொழிமாற்றம் செய்யப்பட்ட ஆவணப்படங்களிலும், "உப்புக் காற்றால் பூட்டுகள் அரிப்புக்கு உள்ளாகின்றன" என்றும் "பித்தளைப் பூட்டுகள் துருப்பிடித்துவிட்டன" என்றும் மாறி மாறி எழுதுகிறார்கள். இவ்விரண்டு வாக்கியங்களும் பிழை. "காதல் பூட்டு" என்னும் பெயரில் எனக்கு மறுப்பு இல்லை; அது தெளிவாகவும் தமிழாகவும் இருக்கிறது. என் மறுப்பெல்லாம் அந்தப் பூட்டுக்கு நேர்வதைச் சொல்லும் சொல்லைப் பற்றியதே.

துரு என்பது பழகிய திராவிடச் சொல். மலையாளத்தில் துரும்பு, கன்னடத்தில் துக்கு, தெலுங்கில் துப்பு என இதே பொருளுக்குச் சொற்கள் வழங்குகின்றன. ஈழத்தில் கறள் என்பார்கள். எங்கள் கொடைக்கானலில் தகரக் கூரை ஆணியிலிருந்து தோட்டத்துக் கதவின் கீல்வரை எல்லாமே பனிமூட்டத்தில் துருவேறுவதால், சிறு பிள்ளைக்கும் இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. இரும்பு நீரோடும் உயிர்வளியோடும் சேர்ந்து உண்டாக்கும் செம்பழுப்புப் பொருளே துரு. அது இரும்புக்கும் எஃகுக்கும் மட்டுமே உரியது.

பித்தளையில் இரும்பு இல்லை. அது செம்பும் துத்தநாகமும் கலந்தது. ஆகவே பித்தளை துருப்பிடிக்காது. அதில் ஏறுவது களிம்பு. பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் பூசாமல் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் எச்சரித்தது இதைத்தான். சைவ சித்தாந்தம் உயிரோடு தொன்றுதொட்டே கலந்திருக்கும் ஆணவ மலம் என்னும் அழுக்குக்குச் செம்பிலுள்ள களிம்பை உவமையாகச் சொல்கிறது. அடுக்களையிலும் தத்துவத்திலும் ஒருசேர வாழ்ந்த சொல் இது. இன்று களிம்பு என்றால் பலருக்கும் மருந்துக்கடையில் வாங்கிப் புண்ணில் தடவும் களிம்பே நினைவுக்கு வருகிறது என்பதும், மொழிபெயர்ப்பாளர்கள் இச்சொல்லைத் தொடத் தயங்குவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் "பச்சைக் களிம்பு" என்று ஓர் அடையைச் சேர்த்தாலே அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்த வேறுபாடு பூட்டு விஷயத்தில் ஏன் முக்கியம் என்றால், பல பூட்டுகளில் கூடு பித்தளையாகவும் வளையம் எஃகாகவும் இருக்கின்றன. கொடைக்கானலை உள்ளடக்கிய திண்டுக்கல் மாவட்டம் பூட்டுக்குப் பெயர்பெற்றது. திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடும் பெற்றது. அப்படிப்பட்ட மாவட்டத்தில் இருந்துகொண்டு பூட்டின் உலோகத்தைக் கவனியாமல் எழுதுவது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. இருவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டிருக்க, உப்புநீர் மேலே படும்போது, எஃகு வளையம்தான் முதலில் கரையும். கடலுப்பு காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வதாலும், அதிலுள்ள குளோரைடு உலோகத்தின் மேலுள்ள காப்புப் படலத்தை உடைப்பதாலும், மலையின் தூய ஈரத்தைவிடக் கடற்காற்றில் இது விரைந்து நடக்கிறது. துரு தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால், பூட்டின் உள்ளே திறவுகோல் திரும்பாமல் இறுகிவிடுகிறது. அதே வேளையில் பித்தளைக் கூட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறினால் எஞ்சும் செம்பு சிவந்து தெரியும். அந்தச் சிவப்பைத் துரு என்று கண் ஏமாறலாம், எழுதுகோல் ஏமாறக் கூடாது. "வளையத்தில் துருவும் கூட்டில் பச்சைக் களிம்பும் ஏறியிருக்கின்றன" என்று எழுதினால் ஒரே வரியில் பூட்டின் அமைப்பும் அதன் நிலையும் வாசகருக்குத் தெரிந்துவிடும்.

இப்போது "அரிப்பு" என்பதற்கு வருகிறேன். உலோகம் சிதைவதற்கான பொதுச் சொல்லாக இதை முன்வைப்பவர்கள், அரித்தல் என்னும் வினை தமிழ் வினைதானே, கரையான் மரத்தை அரிப்பது போல உப்பு இரும்பை அரிக்கிறது, இதிலென்ன தவறு என்கிறார்கள். வினையில் தவறில்லை; "உப்புக் காற்று இரும்பை அரிக்கிறது" என்று தாராளமாக எழுதலாம். தவறு பெயர்ச்சொல்லில்தான் இருக்கிறது. அரிப்பு என்று தனியே நின்றால் தோலில் எடுக்கும் அரிப்பே முதலில் தோன்றும். அதைவிடக் கடலோர ஊரைப் பற்றிய கட்டுரையில் அச்சொல் வந்தால் வேறொரு சிக்கல் உண்டு: அங்கே கடலரிப்பு என்பது கரை கடலுக்குள் போவதைக் குறிக்கும் நிலைபெற்ற சொல். "கடலோரத்தில் அரிப்பு, பூட்டுகள் அகற்றம்" என்று ஒரு தலைப்பைக் கண்டால், கரை இடிந்ததால் பாலத்தை மூடினார்கள் என்று வாசகர் எண்ணுவதில் அவர் பிழை ஒன்றுமில்லை. மண்ணரிப்பை அன்றாடம் காணும் மலைச்சரிவில் வாழும் எனக்கும் அப்படித்தான் தோன்றும்.

பாடநூல்களில் வழங்கும் அரிமானம் என்னும் சொல் இங்கே கைகொடுக்கிறது. தேய்மானம், கட்டுமானம் என்று மக்கள் வாயில் வழங்கும் சொற்களின் அச்சிலேயே அது வார்க்கப்பட்டிருக்கிறது. தோலையோ மண்ணையோ நினைவூட்டுவதில்லை. இரும்பு, செம்பு, துத்தநாகம் எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் நடக்கும் ஆய்வைப் பற்றி எழுதும்போது அரிமானம் என்றே எழுத வேண்டும். ஒரு பூட்டைக் கண்ணெதிரே காட்டும்போது துரு, களிம்பு என்று பிரித்து எழுத வேண்டும்.

ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியின் முதல் வரி தரும் பொருளோடு நின்றுவிடும் மொழிபெயர்ப்புப் பழக்கம் சொல்லைக் கெடுப்பதோடு செய்தியையும் கெடுக்கிறது. பாரிஸின் போன் தே ஆர் பாலத்தில் 2014 ஜூனில் தடுப்பின் ஒரு பகுதி பூட்டுகளின் பாரம் தாங்காமல் பெயர்ந்து விழுந்தது. அடுத்த ஆண்டு ஏறத்தாழ 45 டன் பூட்டுகளை அகற்றினார்கள். அங்கே காரணம் எடையே. ஆனால் பூட்டு, பாலம், விழுந்தது ஆகிய மூன்று சொற்களைக் கண்டவுடன் "அரிப்பு" என்று கை தானாக எழுதிவிடுகிறது.

கடைசியாக, பெயர் பொறித்த பூட்டுகளை விற்பவர்கள் "துருப்பிடிக்காத எஃகு" என்று உறுதி சொல்கிறார்களே, அத்தொடரும் திருந்த வேண்டியதே. குரோமியம் சேர்ந்த அந்த எஃகு சமையலறையில் துருப்பிடிப்பதில்லை; கடற்கரையில், குறிப்பாக மாலிப்டினம் சேராத வகைகளில், குளோரைடு பட்டு ஆங்காங்கே பழுப்புப் புள்ளிகள் தோன்றும். பாத்திரத்துக்கு எவர்சில்வர் என்ற வழக்கு இருக்கட்டும். உலோகத்தைச் சொல்லும்போது "துரு எதிர்க்கும் எஃகு" என்றால் அது பொய்யாகாது.