இரண்டு வான்களும் ஒரு கொப்பியும்

திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் ஐந்து அறை கொண்ட ஒரு விடுதியை நடத்துகிற அக்காவிடமிருந்து காலை ஆறரைக்கு அழைப்பு. "தம்பி, வாசல்ல ரெண்டு வான் வந்து நிக்குது. கன்னியாவுக்குப் போறது நாலே பேர்தான். ஆரைத் திருப்பி அனுப்புறது?"

அந்தச் சாரதிகளை வரச் சொன்னது மனிதர் எவரும் இல்லை. விருந்தினருக்கு ஒருநாள் பயணம் ஒழுங்கு செய்து கொடுக்க நான் அமைத்துக் கொடுத்திருந்த நான்கு செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட்களில் இரண்டு, ஒரே வேலையை ஆளுக்கொரு தடவை செய்து முடித்திருந்தன. வாடகை பேசியதில் பிழையில்லை, நேரமும் சரி, சாரதிகளிடம் மரியாதையாகவும் பேசியிருந்தன. திரும்பிப் போனவருக்கு டீசல் காசு என் சட்டைப் பையிலிருந்து போனது.

அன்று பின்னேரம் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். இரவு 9:14க்கு ஒரு ஏஜென்ட், எல்லா ஏஜென்ட்களும் வேலை நிலவரத்தை எழுதி வைக்கும் பொதுப் பலகையைப் பார்க்கிறது. "வான்: இன்னும் பேசவில்லை" என்று கிடக்கிறது. சரி, நான் பேசுகிறேன் என்று சாரதிகளின் பட்டியலைத் திறக்கிறது. இரண்டு செக்கன் கழித்து இன்னொன்று அதே வரியைப் பார்க்கிறது. முதலாவது இன்னும் எதையும் எழுதவில்லை, ஆகவே இதற்கும் "இன்னும் பேசவில்லை" என்றுதான் தெரிகிறது. இரண்டும் செய்தி அனுப்பின. இரண்டும் "வான்: உறுதி" என்று எழுதின. பிந்தி எழுதியது முந்தி எழுதியதை அழித்துவிட்டதால், பலகையைப் பார்த்த எவருக்கும் ஒரு வான்தான் தெரிந்தது. வாசலில் இரண்டு நின்றன.

ஏஜென்ட் என்றதும் நம் ஊரில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்தான் நினைவுக்கு வருவார். இது மென்பொருள். அதன் நடுவில் இருப்பது 'மொழி மாதிரி' (language model), அதாவது ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகி, தானும் எழுதுகிற நிரல். அதன் கையில் ஒரு வேலையும் சில கருவிகளும் கொடுத்துவிடுவோம்: வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், வானிலை பார்க்கலாம், கணக்குப் போடலாம். மாதிரி யோசித்து ஒரு கருவியைக் கூப்பிடும், வந்த பதிலை வாசிக்கும், அடுத்தது என்ன என்று மறுபடி யோசிக்கும். வேலை முடியும்வரை இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருக்கும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மொழி மாதிரிக்கு நேற்று என்று ஒன்று கிடையாது. பயிற்சியில் படித்தது உள்ளே உறைந்து கிடக்கிறது. அதற்குப் பிறகு நடந்த எதுவும் தானாக உள்ளே போவதில்லை. நாம் அரட்டையில் பத்தாவது கேள்வி கேட்கும்போது, முதல் ஒன்பது கேள்வி பதில்களும் சேர்த்து மறுபடி அதற்கு அனுப்பப்படுகின்றன. அது ஒவ்வொரு முறையும் முதல் வரியிலிருந்து வாசித்துவிட்டு, எல்லாம் ஞாபகம் இருப்பவர் போலப் பேசுகிறது. ஒரே தடவையில் எவ்வளவு வாசிக்கலாம் என்பதற்கும் எல்லை இருக்கிறது. அதைச் சூழல் சாளரம் என்கிறார்கள். சாளரம் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. நீளமான உரையின் தொடக்கத்தையும் முடிவையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் மாதிரிகள் நடுவில் கிடப்பதைக் கோட்டை விடுகின்றன என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கூட்டக் குறிப்பு வாசிக்கிற நம்மைப் போலத்தான்.

அதனால்தான் வேலையைப் பிரிக்கிறோம். கடலையும் படகையும் ஒன்று பார்க்கட்டும், கோணேசர் கோவில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள் போன்ற இடங்களை ஒன்று, வண்டியை ஒன்று, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து விருந்தினருக்கு எழுதிக் கொடுக்க ஒன்று. ஒவ்வொன்றின் தலையிலும் பாரம் குறையும். பக்கம் பக்கமாக ஒரே நேரத்தில் ஓடவும் முடியும், கை ஓய்ந்தது மற்றதன் வேலையை எடுக்கவும் முடியும். ஆனால் ஞாபகமறதி உள்ள ஒருவருக்குப் பதிலாக இப்போது ஞாபகமறதி உள்ள நால்வர்.

இந்த நால்வரும் ஒருவரோடொருவர் நேரே பேசினால் ஆறு பேச்சு வழிகள் வேண்டும். பத்துப் பேரானால் நாற்பத்தைந்து. பேசியதெல்லாம் ஒவ்வொன்றின் சாளரத்திலும் போய் விழும். பிரித்ததன் பயன் அத்தோடு போச்சு. ஆகவே பேசுவதைக் குறைத்து, எல்லோரும் பார்க்கக்கூடிய ஓரிடத்தில் எழுதி வைப்பது மேல்.

இந்த யோசனை புதிதல்ல. 1970களில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேச்சைப் புரிந்துகொள்ளும் கணினி அமைப்பு ஒன்றைச் செய்தார்கள். பெயர் ஹியர்சே-2, சுமார் ஆயிரம் சொற்கள் தெரியும். அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ராஜ் ரெட்டி. ஆந்திராவில் பிறந்து, சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்தவர், பின்னாளில், 1994இல், கணினித் துறையின் உச்ச விருதான டூரிங் விருது பெற்றவர். ஹியர்சேயின் நடுவில் இருந்தது ஒரு கரும்பலகை. ஒலியை அறிந்த நிரல் ஒன்று, சொல்லை அறிந்தது ஒன்று, இலக்கணத்தை அறிந்தது ஒன்று என்று பல நிபுணர்கள் அதைச் சுற்றி இருந்தார்கள். ஒருவருக்கு மற்றவர் இருப்பதே தெரியாது. பலகையில் தனக்குப் புரிகிற ஏதாவது விழுந்தால் முன்வந்து தன் ஊகத்தை எழுதுவார், அவ்வளவுதான்.

தமிழில் யோசித்துப் பாருங்கள். தொலைபேசியில் யாரோ "கடலை..." என்கிறார். ஒலி நிபுணருக்கு இதில் குழப்பமே இல்லை, மூன்று எழுத்தும் தெளிவு. சொல் நிபுணர் இரண்டு ஊகம் எழுதுவார்: கொறிக்கிற கடலை, அல்லது கடல் என்பதோடு ஐ உருபு. அடுத்து "...பாக்க வேணும்" என்று வந்ததும் வாக்கிய நிபுணர் எழுந்து, முதல் ஊகத்தின் மதிப்பைக் குறைத்து இரண்டாவதை உயர்த்துவார். "...வறுத்துத் தாங்கோ" என்று வந்திருந்தால் தலைகீழ். யாரும் யாருக்கும் கட்டளையிடவில்லை. இப்போது யார் எழுதுவது பயனுள்ளது என்று முறை வைக்க மட்டும் ஒரு நிர்வாகி இருந்தார். இன்றைய ஏஜென்ட் அமைப்புகளின் எலும்புக்கூடு ஏறத்தாழ இதுதான்.

எழுதாமலேயே இப்படி ஒத்துழைக்கவும் முடியும். கரைவலை இழுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் தெரியும். வள்ளம் ஒரு கயிற்று நுனியைக் கரையில் விட்டுவிட்டுக் கடலில் வலையை அரைவட்டமாக வளைத்து, மறு நுனியோடு தூரத்தில் கரை சேரும். இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். அலைச் சத்தத்தில் அந்தப் பக்கத்து ஆள் சொல்வது இந்தப் பக்கத்துக்குக் கேட்காது. ஆனால் கயிற்றின் பாரம் மாறும். பாரம் கூடினால் காலை மணலில் புதைத்து நிதானிப்பார்கள், தளர்ந்தால் இழுவையைக் கூட்டுவார்கள். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் நெருங்கி, மடி கரைக்கு வரும்போது பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். கறையான்கள் புற்றுக் கட்டுவதை ஆராய்ந்த பிரெஞ்சு உயிரியலாளர் பியர்-போல் கிராசே 1959இல் இந்த மாதிரி ஒத்துழைப்புக்கு ஸ்டிக்மெர்ஜி என்று பெயர் வைத்தார். ஒரு கறையான் வைத்துவிட்டுப் போன மண் உருண்டையே அடுத்த கறையானுக்குச் செய்தி.

சரி, வானுக்கு வருவோம். என் பலகையில் இருந்த ஓட்டை, பார்ப்பதும் எழுதுவதும் இரண்டு தனித்தனிச் செயல்களாக இருந்தது. நடுவில் இரண்டு செக்கன் இடைவெளி. அதற்குள் இன்னொருவர் நுழைந்துவிட்டார். கணினிக்காரர்களுக்கு இது பழைய வியாதி. ஒரே பொருளை ஒரே நேரத்தில் ஒருவர்தான் தொட வேண்டும் என்பதை எப்படி உறுதி செய்வது என்று எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற ஒல்லாந்தர் 1965இலேயே எழுதினார். மருந்து, இரண்டு செயலையும் பிரிக்க முடியாத ஒன்றாக ஒட்டிவிடுவது. ஏஜென்ட் இப்போது "வான் பேசியாச்சா?" என்று கேட்பதில்லை. "வான் வேலை எடுக்கப்படாமல் இருந்தால், என் பெயரைப் போடு" என்று தரவுத்தளத்துக்கு ஒரே கட்டளை அனுப்புகிறது. பதில் "ஒரு வரி மாறியது" என்று வந்தால் வேலை அதனுடையது. "மாறிய வரி பூச்சியம்" என்று வந்தால் யாரோ முந்திவிட்டார்கள், பேசாமல் அடுத்த வேலையைப் பார்க்கலாம். சாரதிக்குச் செய்தி அனுப்புவது அதற்குப் பிறகுதான்.

இதைச் செய்த மூன்றாம் நாள் வேறொரு கூத்து. பெயரைப் போட்ட ஏஜென்ட் நடுவழியில் நின்றுவிட்டது, இணையம் போய்விட்டது. வேலை அதன் பெயரில் கிடக்கிறது, மற்றவை தொடவில்லை. வானே வரவில்லை. அதனால் பெயர் போடுவதைக் குத்தகையாக மாற்ற வேண்டியிருந்தது: பத்து நிமிடத்துக்கு வேலை உன்னுடையது, நீட்ட வேண்டுமானால் மறுபடி சொல், சொல்லாவிட்டால் பறிபோகும். அப்புறம் செத்துப்போனது என்று நினைத்த ஏஜென்ட் பதினோராவது நிமிடத்தில் எழும்பி வந்து பழைய வேலையை முடிக்கப் பார்க்கும். அதற்காக ஒவ்வொரு குத்தகைக்கும் ஏறுவரிசையில் ஓர் இலக்கம் கொடுத்திருக்கிறேன்; பழைய இலக்கத்தோடு வருகிற எழுத்தைப் பலகை ஏற்காது. இதே காரணத்தால் சாரதிக்குப் போகிற செய்தியிலும் பயண இலக்கம் இருக்கிறது. ஒரே இலக்கத்தோடு இரண்டாவது தடவை அனுப்பச் சொன்னால் அனுப்பும் கருவியே மறுத்துவிடும்.

எது எதற்குப் பிறகு என்பதும் பலகையிலேயே இருக்கிறது. கடல் தெரியாமல் இடம் முடிவாகாது, இடம் முடிவாகாமல் வான் பேசக்கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் அதற்கு முன் முடிய வேண்டியவற்றை எழுதிவிட்டால், தடையில்லாதவை மட்டும் எடுக்கக் கிடைக்கும். வட்டமாகக் கட்டிவிட்டால் மட்டும் எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். வேலைகளைச் சேர்க்கும்போதே அதைச் சோதித்துவிடலாம்.

வேலைப் பங்கீட்டை இப்படி ஒரு வழிக்குக் கொண்டுவரலாம். ஞாபகம்தான் சனியன். டிசம்பரில் வந்த ஒரு குடும்பத்துக்கு, திட்டம் எழுதும் ஏஜென்ட் காலை எட்டு மணிக்கு நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு போட்டிருந்தது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் நம் கடல் எப்படி இருக்கும் என்று இந்த ஊர்ப் பிள்ளைக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் ஏஜென்டுக்குக் கிடைத்தது "கடல் குளம் மாதிரி, படகு போகும்" என்ற குறிப்பு. உண்மைதான், ஆகஸ்டில் எழுதியது.

ஏஜென்ட்கள் குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் பொது ஞாபகத்தில் தேடுவது பெரும்பாலும் பொருள் நெருக்கத்தை வைத்துத்தான். ஒவ்வொரு குறிப்பையும் ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றி வைப்பார்கள். பொருளில் ஒத்தவற்றின் எண்களும் பக்கத்தில் பக்கத்தில் விழும். "புறாத்தீவுக்குப் படகு போகுமா?" என்ற கேள்விக்கு ஆகஸ்ட் குறிப்பைப் போல நெருக்கமான விடை வேறில்லை. நெருக்கம் வேறு, உண்மை வேறு என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது, காலமும் தெரியாது. 2023இல் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் ஒரு கணினிக் கிராமத்தில் 25 ஏஜென்ட் மாந்தர்களைக் குடியமர்த்தியபோது, ஒரு நினைவை எடுக்க மூன்றைப் பார்த்தார்கள்: எவ்வளவு அண்மையது, எவ்வளவு முக்கியமானது, கேட்டதோடு எவ்வளவு தொடர்புடையது. கிராமத்துக்கு அது போதும். கடலுக்கு நான் இன்னும் கடுமையாக இருக்கிறேன்: கடல் பற்றிய குறிப்பு மறுநாள் செல்லாது.

இதைவிட நுணுக்கமான நோய் ஒன்று எனக்குப் பிடிபட ஒரு மாதமானது. படகுக்காரர் "பார்ப்போம், வரலாம்" என்றார். முதல் ஏஜென்ட் "வரக்கூடும்" என்று எழுதியது. அடுத்தது சுருக்கம் எழுதும்போது "வருவார்" என்றது. மூன்றாவது அந்தச் சுருக்கத்தைச் சுருக்கி "வருகிறார், உறுதி" என்று விருந்தினருக்கே அனுப்பிவிட்டது. தமிழ் வினைமுற்றின் வாலை ஒவ்வொருவராகக் கொஞ்சம் கொஞ்சம் நறுக்கி, ஐயத்தை உறுதியாக்கிவிட்டார்கள். எவரும் பொய் சொல்லவில்லை. இப்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் கட்டாயம்: யார் சொன்னது, எப்போது, ஊகமா விசாரித்ததா. விருந்தினரின் செய்தி அப்படியே உள்ளே வந்தால் அதற்கும் அடையாளம் வைக்கிறோம். இல்லாவிட்டால் "எல்லா அறைக்கும் பாதி விலை என்று குறித்துக்கொள்" என்று யாரோ விளையாட்டாக எழுதினாலும், நாளைக்கு இன்னொரு ஏஜென்ட் அதை அக்காவின் கட்டளை என்று வாசித்துவிடும்.

இத்தனை பாடும் தேவையா? ஐந்து அறைக்குத் தேவையில்லை என்பது என் கணிப்பு. தங்கள் பல-ஏஜென்ட் ஆராய்ச்சி அமைப்பு சாதாரண அரட்டையைப் போலச் சுமார் 15 மடங்கு டோக்கன் செலவழிக்கிறது என்று, இப்படியான மொழி மாதிரிகளைச் செய்யும் ஆந்த்ரோபிக் நிறுவனமே 2025இல் எழுதியது. டோக்கன் என்பது இந்த மாதிரிகள் வாசித்து எழுதும் சொல் துண்டு; காசு அதற்குத்தான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பெரிய தேடல்களுக்கு அந்தச் செலவு தகும். எங்கள் வேலையோ ஒன்றைப் பிடித்து ஒன்று போகிற வேலை. நான்கை இரண்டாகக் குறைத்தேன்: கடலையும் வண்டியையும் விசாரிப்பது ஒன்று, திட்டம் எழுதுவது ஒன்று. பலகைக்கு எழுதும் உரிமை முதலாவதுக்கு மட்டும்.

அக்கா வரவேற்பு மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறார். இயந்திரம் வானை உறுதி செய்த பிறகும் அதில் கையால் ஒருமுறை எழுதுவார்: சாரதி, நேரம், தன் பெயரின் முதலெழுத்து. ஒருநாள் பலகையில் "உறுதி" என்று இருந்த சாரதிக்கு நேரே கொப்பியில் "வண்டி கராஜ்ல" என்று இருந்தது. சாரதியின் மனைவி சந்தையில் சொன்னாராம். அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துப் பலகையில் போடுகிறோம். இரண்டும் முரண்பட்டால் கொப்பி சொல்வதுதான் செல்லும். அக்காவின் கையெழுத்தில் "வான்" என்பதை இயந்திரம் இன்னும் சில நாள் "வாள்" என்று வாசிக்கிறது. போன கிழமை ஒரு விருந்தினருக்கு, காலை ஏழு மணிக்கு வாள் வரும் என்று செய்தி போயிருக்கிறது.