கிறிஸ்துமஸ் மரத் தோட்டத்தில் வேரழுகல்: சேற்றோடு வரும் நோய்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், மேற்கே ஆஷ், ஏவரி, அலெகனி மாவட்டங்களின் மலைச்சரிவுகளில், கிறிஸ்துமஸ் மரம் என்றால் ஏறக்குறைய எல்லாமே ஃப்ரேசர் ஃபிர் என்ற ஊசியிலை மரம்தான். ஏழடி மரம் ஒன்று வெட்டுக்கு வர, நாற்றங்காலில் 5 ஆண்டு, தோட்டத்தில் 7 முதல் 10 ஆண்டு ஆகும். இவ்வளவு காலம் பார்த்துப் பார்த்து வளர்த்த மரம், விற்பனைக்கு ஓரிரு வருடம் இருக்கும்போது வேரழுகிச் சாவதைப் போன்ற வேதனை இந்தத் தொழிலில் வேறில்லை.

காரணம் ஃபைட்டோப்தோரா சின்னமோமி என்ற, பூஞ்சை போன்ற நுண்ணுயிரி. 1922-இல் சுமத்ராவில் இலவங்கப்பட்டை மரத்தைத் தாக்கிய நோயிலிருந்து விவரிக்கப்பட்டதால் இந்தப் பெயர். நம் ஊர் மிளகுக் கொடியைத் திடீரென வாட வைப்பதும் இதன் பங்காளிதான். மண்ணில் நீர் தேங்கினால் இதன் வித்துகள் நீந்திப் போய் இளவேர்களைப் பிடிக்கும். தடித்த ஓடு கொண்ட இன்னொரு வகை வித்து, மரமே இல்லாத மண்ணிலும் பல ஆண்டு உறங்கிக் கிடக்கும். நிலத்துக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டால் முழுதாக அகற்ற முடியாது. மெஃபனாக்ஸம் போன்ற மருந்து நோயை அடக்கி வைக்குமே தவிர, குணப்படுத்தாது. அதனால் வருமுன் காப்பதற்குத்தான் அத்தனை உழைப்பும்.

வசந்தகால நடவில் 5-க்கு 5 அடி இடைவெளி விட்டால் ஏக்கருக்குச் சுமார் 1,700 நாற்று பிடிக்கும். நாற்றுக் கட்டைப் பிரித்ததும் சில நாற்றுகளின் வேரை விரலிடுக்கில் வைத்து இழுத்துப் பாருங்கள். நல்ல வேர் உறுதியாக நிற்கும். அழுகிய வேரில் மேல்தோல் வழுக்கிக் கையோடு வந்துவிடும். நடுவில் நூல் மாதிரி நரம்பு மட்டும் மிஞ்சும். அப்படி ஒன்று கண்ணில் பட்டாலும் அந்தக் கட்டில் உள்ள எதையும் நடாதீர்கள். நிலத்தையும் சோதிக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் குழி தோண்டினால் தண்ணீர் ஊறி நிற்கிறதா, அடிமண் சாம்பல் நிறத் திட்டுகளோடு இருக்கிறதா? அங்கே ஃப்ரேசர் வேண்டாம். பள்ளமான மூலையைக் காலியாக விடுவது நட்டமில்லை.

ஜூன் வாக்கில் பிஞ்சுக் கூம்புகளைக் கையால் கிள்ளி எறிவார்கள். விட்டால் மரத்தின் சத்தை அவை உறிஞ்சிவிடும். ஜூலையில் கவாத்து தொடங்கும். காலில் பாதுகாப்புக் கவசம் கட்டிக்கொண்டு நீண்ட கத்தியால் பக்கங்களைச் சீவி, நுனிக்குருத்தை 10 முதல் 14 அங்குலம் விட்டு நறுக்குவார்கள். மரத்துக்கு மரம் நின்று பார்ப்பவர்கள் இந்தத் தொழிலாளர்கள்தான். பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து பருவகால விசாவில் வருபவர்கள். நோயின் அடையாளத்தை அவர்கள் மொழியிலேயே காட்டிக்கொடுத்து, சந்தேக மரத்தில் நாடா கட்டச் சொல்லுங்கள். மேற்பார்வையாளர் மாதம் ஒருமுறை சுற்றி வருவதைவிட இது பல மடங்கு பலன் தரும்.

என்ன அடையாளம்? ஊசியிலைகள் பளபளப்பு இழந்து வெளிறும். பிறகு ஒரு கிளை முழுதும் செம்பழுப்பாகும். கோடையில் இதைப் பார்க்கிறவர்கள் வறட்சி என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் வேர் வசந்தகால ஈரத்திலேயே போயிருக்கும். வெயில் ஏறி மரம் தண்ணீர் கேட்கும்போதுதான் அது வெளியே தெரிகிறது. மண்மட்டத்தில் பட்டையைக் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே வெண்மையாக இருக்க வேண்டிய இடம் இலவங்கப்பட்டை நிறத்தில் இருந்து, நல்ல பகுதியோடு தெளிவான கோடு போட்டுப் பிரிந்தால் பெரும்பாலும் வேரழுகல்தான். ஆய்வகத்துக்கு வேரும் மண்ணும் அனுப்பி உறுதி செய்துகொள்ளுங்கள்.

நவம்பர் அறுவடைதான் மிக ஆபத்தான காலம். வெட்டி, வலைபோட்டு இறுக்கி, லாரியில் ஏற்றும் அவசரத்தில் டிராக்டர்கள் ஈர நிலத்தில் ஓடும். ஒரு வயலின் சேறு இன்னொரு வயலுக்குப் போகும். நல்ல வயல்களை முதலில் முடியுங்கள், நோயுள்ளதைக் கடைசியில். டயர், பூட்ஸ், மண்வெட்டி எல்லாவற்றிலும் ஒட்டிய சேற்றை முதலில் தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் கிருமிநாசினி போட வேண்டும். சேற்றுக்குள் மருந்து இறங்காது. பாதையில் ஓடும் மழைநீரை வயலுக்குள் திருப்பாமல் ஓரக் கால்வாயில் விடுங்கள்.

செத்த மரத்தின் குழியிலேயே புது ஃப்ரேசர் நாற்றை வைப்பது வீண் செலவு. அந்த இடத்துக்கு, இந்நோயைத் தாங்கும் ஜப்பானிய மோமி ஃபிர் வேரில் ஒட்டுக்கட்டிய ஃப்ரேசர் இருக்கிறது. விலை கூடுதல், எண்ணிக்கையும் குறைவு. முன்கூட்டியே சொல்லி வைத்தால் கிடைக்கும்.