13,047 விரிசல்களோடு ஓடிய உலை

ஜெர்மனியின் ஆகன் நகரில் படித்துவிட்டு வந்த வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். 2017இல் அங்கே ஊர்மக்களுக்கு, அணு விபத்து நடந்தால் தைராய்டைக் காக்கும் அயோடின் மாத்திரை கொடுத்தார்களாம். எல்லைக்கு அந்தப் பக்கம், சுமார் 70 கிலோமீட்டரில், பெல்ஜியத்தின் தியான்ஜ்-2 அணு உலை இருக்கிறது. அதன் அழுத்தக் கலனில், அதாவது அணு எரிபொருளும் கொதிநீரும் இருக்கும் தடித்த எஃகுப் பாத்திரத்தில், ஆயிரக்கணக்கான விரிசல்கள் என்று பேச்சு. "மாத்திரை அட்டை இன்னும் என் அலமாரியில் கிடக்கிறது. விரிசல் விட்ட குக்கரை நாம் அடுப்பில் ஏற்றுவோமா? இதை மட்டும் எப்படி ஓட்டினார்கள்?" என்று கேட்கிறார்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012 கோடையில், பெல்ஜியத்திலேயே ஆன்ட்வெர்ப் பக்கத்தில் உள்ள இன்னொரு உலையான டூல்-3இன் கலனை மீயொலி அனுப்பிச் சோதித்தார்கள். மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதே வித்தைதான். எஃகுக்குள் போகும் ஒலி, விரிசல் இருந்தால் பட்டுத் திரும்பும். அதுவரை பெரும்பாலும் பற்றவைப்புகளைத்தான் பார்த்து வந்தார்கள். இந்த முறை அடித்து உருவாக்கிய வளையங்களையும் பார்த்தார்கள். டூலில் சுமார் 8,000, தியான்ஜில் சுமார் 2,000 எதிரொலிகள் கிடைத்தன. இரண்டு உலைகளையும் நிறுத்திவைத்து ஆராய்ந்தார்கள், பிறகு ஓட்ட அனுமதித்தார்கள்.

இவை ஓடி ஓடித் தேய்ந்து வந்த விரிசல்கள் அல்ல. பிறவியிலேயே வந்தவை என்பதுதான் நிபுணர்களின் முடிவு. உருகிய எஃகு ஈரத்திலிருந்து ஹைட்ரஜனைக் குடித்துக்கொள்ளும். ஆறும்போது அதை வைத்துக்கொள்ள இடம் போதாது. சோடா பாட்டிலைத் திறந்ததும் குமிழி கிளம்புவதுபோல ஹைட்ரஜன் பிரியப் பார்க்கும். ஆனால் எஃகுதான் கெட்டியாகிவிட்டதே! மாசு படிந்த இடங்களில் போய்ச் சேர்ந்து, அங்கேயே அழுத்தம் கூடி, உள்ளுக்குள் மெல்லிய செதில்களாகப் பிளக்கும். வார்த்த கட்டியை அழுத்தி வளையமாக்கும்போது அந்த மாசுப் பட்டைகளும் மாவு தட்டியதுபோலத் தட்டையாகிவிடுகின்றன. அதனால் செதில்கள் ஏறக்குறைய எல்லாமே சுவரின் பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும்.

இந்தப் 'படுத்திருக்கும்' என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு சின்ன வேலை செய்யுங்கள். நாளிதழிலிருந்து விரல் அகலத்தில் இரண்டு துண்டுகள் கிழித்துக்கொள்ளுங்கள். ஒன்றின் நடுவில் பிளேடால் குறுக்கே சின்னதாகக் கீறுங்கள். மற்றதில் அதே அளவுக் கீறலை நீளவாக்கில் போடுங்கள். இரண்டையும் இரு முனையிலும் பிடித்து இழுங்கள். முதல் துண்டு கீறிய இடத்திலேயே போய்விடும். இரண்டாவதற்குக் கீறல் இருப்பதே தெரியாது. இழுவிசையை ஆற்று நீர்போல நினைத்துக்கொள்ளலாம். குறுக்கே கிடக்கும் கட்டையைச் சுற்றிக்கொண்டு போகும் நீர் அதன் முனையில் நெருக்கியடித்துச் சீறும். ஓட்டத்தோடு கிடக்கும் கட்டை நீரைத் தொந்தரவு செய்வதில்லை. அந்த முனை நெரிசலுக்கு ஓர் எண் உண்டு. விசை கூடினாலும் விரிசல் நீண்டாலும் அந்த எண் ஏறும். அது எஃகின் தாங்கும் எல்லையைத் தாண்டினால்தான் விரிசல் ஓடும்.

கலனுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். உள்விட்டம் சுமார் 4 மீட்டர், சுவர் சுமார் 20 சென்டிமீட்டர், உள்ளே நீரின் அழுத்தம் 155 பார், அதாவது காற்றழுத்தத்தைப்போல சுமார் 150 மடங்கு. கணக்குப் போட்டால் சுவரைச் சுற்றுவாக்கில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஒன்றரை டன் இழுவிசை வருகிறது. ஆனால் அந்த இழுப்பு, படுத்திருக்கும் செதிலுக்கு இணையாகப் போகிறது. செதிலுக்குக் குறுக்கே, அதாவது உள்ளிருந்து வெளியே, இருப்பது இழுப்பே அல்ல, அமுக்கம்! நீர் அந்தச் செதிலை மூடத்தான் பார்க்கிறது, திறக்க அல்ல. முதன்முதலில் இதைத் தாளில் போட்டுப் பார்த்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

சரி, அப்படியானால் கவலையே இல்லையா? இருக்கிறது. சில செதில்கள் லேசாகச் சாய்ந்திருக்கும். பக்கத்துப் பக்கத்தில் கிடப்பவற்றை ஒரே பெரிய விரிசலாகக் கணக்கில் எடுக்கவேண்டும். அப்புறம், உண்மையான சோதனை உலை நிதானமாக ஓடும்போது வருவதல்ல; குழாய் உடைந்து அவசரக் குளிர்நீர் உள்ளே பாயும்போது வருவது. சூடான கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றிய கதைதான். உள்முகம் சுருங்கப் பார்க்கும், வெளிப்புறம் விடாது. உள்முகத்தில் இழுவிசை எகிறும். அதே நொடியில் எஃகும் குளிர்ந்து நொறுங்கும் குணத்துக்கு வரும். நியூட்ரான்கள் பல வருடம் மோதிய எஃகு, புது எஃகைவிட அதிக வெப்பநிலையிலேயே அந்தக் குணத்துக்கு வந்துவிடும். அதனால்தான் மறுபடி ஓட்ட அனுமதித்தபோது, அவசரநீர்த் தொட்டியை எப்போதும் வெதுவெதுப்பாக வைத்திருக்கச் சொன்னார்கள். எனக்கு மிகப் பிடித்த முன்னெச்சரிக்கை இது.

செதில் இருக்கும் எஃகை நியூட்ரான் எவ்வளவு கெடுக்கும்? கலனை அறுத்துப் பார்க்க முடியாது. இதேபோன்ற செதில்களால் ஒதுக்கப்பட்ட ஒரு பிரெஞ்சு நீராவிக் கலனின் துண்டை, பெல்ஜியத்தின் மோல் நகரத்து ஆய்வு உலையில் வைத்துச் சோதித்தார்கள். எதிர்பார்த்ததைவிட மோசமாகக் கெட்டது. 2014 மார்ச்சில் இரண்டு உலைகளையும் மறுபடி நிறுத்தினார்கள். பிறகு வேறொரு ஜெர்மன் துண்டில் அப்படி நடக்கவில்லை. முதல் துண்டுதான் விதிவிலக்கு என்று முடிவானது. கழித்துப்போட்ட இரும்பையும் 1961இல் தொடங்கிய பழைய ஆய்வு உலையையும் பராமரிக்க நிதி கேட்டால் எந்த ஊரிலும் முகம் சுளிப்பார்கள். ரிப்பன் வெட்ட முடியாத செலவு அல்லவா!

இதற்கிடையில் எண்ணிக்கை டூலில் 13,047, தியான்ஜில் 3,149 என்று ஏறியது. விரிசல் பெருகுகிறது என்று பலர் பதறினார்கள். காரணம், இன்னும் மெல்லிய எதிரொலியையும் எண்ணியதுதான். எண்ணிக்கையைவிட எந்தச் செதில் எங்கே, எப்படிக் கிடக்கிறது என்பதே முக்கியம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் தனியாகக் கணக்குப் போட்டபோது, டூலில் 1660 என்று எண்ணிட்ட ஒரே செதில்தான் முதல் வடிகட்டலில் தேறவில்லை. நுட்பமான கணக்கில் அதுவும் தேறியது. 2015 நவம்பரில் அனுமதி வந்தது.

ஆனாலும் ஆகன்காரர்களின் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். செதில் உள்ள வளையம் 1970களில் தொழிற்சாலைச் சோதனையைத் தாண்டி வந்திருக்கிறது. அப்போதைய ஏடுகளில் இவ்வளவு செதில்களைப் பற்றிக் குறிப்பில்லை. 'கணக்கு சரி' என்று சொல்பவரை நம்ப, 'ஏடு சரி' என்று முன்பு சொன்னவர் உதவவில்லை.

டூல்-3 2022 செப்டம்பரிலும் தியான்ஜ்-2 2023 தொடக்கத்திலும் நின்றுவிட்டன. விரிசலுக்காக அல்ல, 40 வருடம் முடிந்ததும் மூடவேண்டும் என்று அப்போது பெல்ஜியத்தில் சட்டம் இருந்தது. வாசகர் தன் மாத்திரை அட்டையைத் தூக்கிப் போட்டுவிடலாம்.