மணலுக்கு அடியில் மிதக்கும் நன்னீர்

சுற்றுச்சூழலைக் காக்க வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களிடம் மஞ்சப்பையும் மரக்கன்றும் பற்றிப் பேசுவதே வழக்கம். இரண்டும் தேவையானவைதாம். ஆயினும், ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் முதல் சாயல்குடி வரையிலான கடலோர ஊர்களில் வீடுகளுக்கு நீர், கழிவுநீர் அமைப்புகளைத் திட்டமிட்டுத் தரும் பொறியாளன் என்ற முறையில், இங்குள்ள ஒரு குடும்பம் முதலில் கவனிக்க வேண்டியவை தன் கிணறும் கழிப்பறைத் தொட்டியுமே என்று நான் கருதுகிறேன்.

நம் கடற்கரை மணலுக்குக் கீழே பரந்த ஏரி எதுவும் இல்லை. பெய்த மழை மணலில் இறங்கி, அதற்கு அடியில் ஏற்கெனவே பரவியிருக்கும் உப்புநீரின் மேல் தங்கி நிற்கிறது. நன்னீரின் அடர்த்தி கடல்நீரின் அடர்த்தியைவிடச் சற்றுக் குறைவு என்பதால் அது மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது கிபென், ஹெர்ஸ்பெர்க் ஆகிய இரு ஆய்வாளர்களின் பெயரால் வழங்கும் கணக்கு. இதன் மறுபக்கத்தைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். அளவுக்கு மீறி இறைத்து நீர்மட்டத்தை நிரந்தரமாக ஓர் அடி இறக்கிவிட்டால், கீழிருந்து உப்புநீர் நாளடைவில் 40 அடி மேலேறக்கூடும். தனுஷ்கோடியில் கடலுக்கு மிக அருகில் மணலைத் தோண்டினாலும் ஊற்றில் குடிக்கத்தக்க நீர் கிடைப்பதும், அதே ஊற்றை அவசரப்பட்டு இறைத்தால் உவர்த்துப் போவதும் இதனால்தான்.

பெரியபட்டினம் பக்கம் ஒரு வீட்டுக்குச் சென்றபோது, "பருப்பு வேகமாட்டேங்குது சார், டீ போட்டாப் பால் திரிஞ்சுபோகுது" என்று அந்த வீட்டு அம்மா சொன்னார். முற்றத்தில் வாளியும் கயிறுமாக ஒரு பழைய உறைக்கிணறு இருந்தது. அதற்குச் சில அடி தள்ளிப் புதிதாக ஆழ்துளைக் கிணறு போட்டு, நீர்மூழ்கி மோட்டாரை இறக்கியிருந்தார்கள். மோட்டாரைப் போட்டதும் முதல் குடத்து நீரில், கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்தேன். அரை மணி நேரம் ஓடிய பிறகு பிடித்த நீரில் மீண்டும் வைத்தபோது எண் கண்ணெதிரே ஏறியது. ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்பது உள்நாட்டு அனுபவம். கடலோர மணலில் ஆழத்தில் இருப்பது பெரும்பாலும் உப்புநீர்தான். எனவே இங்கே ஆழம் குறைந்த கிணறும், சிறிய மோட்டாரும், காலையும் மாலையுமாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பதுமே ஏற்றவை. கடற்கரையை ஒட்டிய பகுதியில் நிலத்தடி நீர் எடுப்பதற்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் கட்டுப்பாடு விதித்திருக்கிறது என்பதைப் போர் போடும் லாரிக்காரர்கள் யாரும் சொல்வதில்லை.

அடுத்தது கழிப்பறைத் தொட்டி. "டேங்க் கட்டி இருபது வருஷம் ஆச்சு, ஒரு தடவைகூட லாரி கூப்பிட்டதில்லை" என்று பெருமையாகச் சொல்பவர்களை ஊருக்கு நாலு பேராவது பார்க்கிறேன். முறையாகக் கட்டிய செப்டிக் டேங்கில் இரண்டு அறைகளும், சிமென்ட் பூசிய அடித்தளமும் இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை அதில் கசடு சேர்ந்தே தீரும். நிரம்பவே இல்லை என்றால், அடியில் தளம் போடாமல் உறைகளை மட்டும் இறக்கியிருக்கிறார்கள் என்றும், உள்ளே போனதெல்லாம் மணல் வழியாக எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்றும் பொருள். களிமண் கழிவுநீரைத் தடுத்து நிறுத்தும். நம் மணலோ அதை விரைவாக விட்டுவிடும். குழியின் அடிப்பகுதிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே குறைந்தது 2 மீட்டர் இடைவெளி இருப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் நீர்மட்டம் மேலே வந்துவிடும் கடலோரத் தெருக்களில் அந்த இடைவெளி கிடைப்பதே அரிது என்பதால், அங்கே தளமுள்ள தொட்டியும், அதிலிருந்து வெளியேறும் நீருக்கு ஆழமில்லாத, அகலமான உறிஞ்சு படுகையும் அமைப்பதே சரி. கசடு எடுக்க உரிமம் பெற்ற லாரியைத்தான் அழைக்க வேண்டும். ஆளை உள்ளே இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைவிட, அது உயிரைப் பறிக்கும் செயல்.

கிணற்றில் கலந்த கழிவின் கிருமிகள் கொதிக்கவைத்தால் சாகும். ஆனால் கழிவிலிருந்து உருவாகும் நைட்ரேட் என்ற உப்பு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தரநிலை. கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கும் வீடுகள் இதில் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். பாசிக்கு உரமாகும் நைட்ரேட் போன்ற இதே சத்துகள் மணல் வழியே கடலுக்கும் சேர்கின்றன. அங்கே பாசி பெருகி வெளிச்சத்தை மறைத்தால் கடற்புல் படுகைகள் நலிகின்றன. அந்தப் புல்லை மேய்ந்துதான் ஆவுளியா என்னும் கடற்பசு வாழ்கிறது. 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. அதன் எல்லையை வரைபடத்தில் காட்டிவிடலாம், ஆனால் நம் கொல்லையிலிருந்து கசியும் நீருக்கு அந்த எல்லை தெரியாது.

மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு அரசு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. நம் மாவட்டத்தின் ஆண்டு மழையை 800 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1,000 சதுர அடி மாடியில் விழும் நீரில் இழப்புகள் போக ஏறத்தாழ 60 ஆயிரம் லிட்டர் பிடிக்கலாம். முதல் மழையை வெளியே விட்டு, அடுத்து வருவதைக் கூழாங்கல்லும் மணலும் போட்ட வடிகட்டி வழியாகச் சமையலுக்கான தொட்டியிலும், மிஞ்சுவதைத் திறந்த கிணற்றிலும் விட்டாலே போதும். மணல் தரையில் தனியாகக் குழி வெட்டிச் செலவழிக்கத் தேவையில்லை. மணலே உறிஞ்சிக்கொள்ளும், முற்றம் முழுவதும் பேவர் பிளாக் பதித்து அதன் வாயை அடைக்காமல் இருந்தால்.

மனையைச் சமப்படுத்துவதாகச் சொல்லி மணல்மேட்டை வழித்தெடுப்பது என்னைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றிலும் மோசமானது. மேடு உயரமாக இருக்கும் இடத்தில்தான் நன்னீரும் அதிகம் தங்குகிறது. அதை இறக்கினால் அக்கம்பக்கத்துக் கிணறுகளும் சேர்ந்து உவர்க்கும். மேட்டைப் பிடித்து நிறுத்தியிருக்கும் ராவணன் மீசைப் புல்லையும் அடம்பங்கொடியையும் களை என்று பிடுங்காமல் விட வேண்டும்.

குளித்த நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் வாழைக்கும் தென்னைக்கும் திருப்பலாம். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரில் உப்பு செறிந்திருக்கும் என்பதால் அதைச் செடிக்கும் விடாமல், கிணற்றோரமும் கொட்டாமல், கழிப்பறை கழுவப் பயன்படுத்துவது நல்லது.

கிணற்று நீரை ஆண்டுக்கு இரு முறை, நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் வைகாசியிலும், மழை ஓய்ந்த தை மாதத்திலும் பரிசோதிக்கலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தினால் செய்து தருவார்கள். உப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், நைட்ரேட்டையும், கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமியையும் சேர்த்துக் கேளுங்கள். கிருமிப் பரிசோதனைக்கான நீரை வீட்டுப் பாட்டிலில் பிடிக்கக்கூடாது. ஆய்வகம் தரும் நுண்ணுயிர் நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸ் வைத்த பெட்டியில் அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.