வேரில்லாத குச்சி வேர் விடுவது எப்படி?

நட்டு வைத்த ரோஜாக் குச்சியில் பத்துப் பன்னிரண்டு நாளில் சிவப்பாகத் தளிர் எட்டிப் பார்க்கும். பிடித்துக்கொண்டது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அதற்கடுத்த வாரம் தளிர் தொங்கும், அப்புறம் கருகும். பிடுங்கிப் பார்த்தால் அடியில் ஒரு வேர்கூட இருக்காது. மாடித்தோட்டம் போடுபவர்கள் பலருக்கும் இது பழக்கமான ஏமாற்றம்.

தளிர் வருவதும் வேர் வருவதும் தனித்தனி வேலைகள். இலைக் காம்பின் கக்கத்தில் மொட்டு ஏற்கெனவே தயாராக இருக்கிறது. குச்சிக்குள் சேமித்திருக்கும் மாவுச்சத்தும் கொஞ்சம் ஈரமும் கிடைத்தால் போதும், அது விரிந்துவிடும். வேருக்கு அப்படி ஒரு மொட்டு பெரும்பாலான செடிகளில் கிடையாது. தண்டில் இருக்கும் செல்கள் தண்டு வேலையை விட்டுவிட்டு, வேரை முதலிலிருந்து கட்ட வேண்டும். அதற்கு ரோஜா சுமார் நாலு முதல் ஆறு வாரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் தளிர் அவசரப்பட்டு இலை விரித்தால் சேமிப்பும் தீரும், நீரும் தீரும். அதனால்தான் தளிரைப் பார்த்து மகிழ்ந்து நிழலிலிருந்து வெயிலுக்கு மாற்றிவிடக் கூடாது என்கிறேன்.

வெட்டுக்குக் கீழே நடப்பதைப் பார்ப்போம். வெட்டுப்பட்ட செல்கள் காய்ந்து பழுப்பாகி, காயத்தை மூடுகின்றன. அதற்குப் பின்னால் வெள்ளையாக ஒரு தழும்புத் திசு திரளும். பலர் இதையே வேரின் தொடக்கம் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. வேர் பிறப்பது பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில், பச்சையும் வழவழப்புமாக இருக்கும் அந்த மெல்லிய வளையத்தை ஒட்டித்தான். அங்குள்ள சில செல்கள் மறுபடி ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகத் தொடங்கி, சின்னக் குமிழாகி, வேர் நுனியாக உருவெடுத்து, பட்டையைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். கரும்புக் கரணையிலும் மணி பிளான்ட் கணுவிலும் இந்தக் குமிழ்கள் முன்கூட்டியே இருக்கின்றன. ஈரம் பட்டவுடன் அவை வேர் விடுவதன் காரணம் அதுதான்.

சரி, இந்தச் செல்களுக்கு வேலையை மாற்றச் சொல்வது யார்? ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள். 1880-இல் சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிசும், புல் நாற்றின் நுனியை மூடினால் அது வெளிச்சத்தின் பக்கம் வளைவதில்லை என்று காட்டினார்கள். நுனியிலிருந்து ஏதோ ஒரு தாக்கம் கீழே இறங்குகிறது என்பது அவர்கள் முடிவு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஃப்ரிட்ஸ் வென்ட் 1920-களில் ஓட்ஸ் நாற்றின் நுனிகளை அகர் என்ற கடற்பாசிக் கூழ்க் கட்டியின் மேல் வைத்து, அந்தப் பொருளைக் கட்டிக்குள் இறங்க வைத்துப் பிடித்தார். குருத்தும் இளம் இலைகளும்தான் ஆக்சினை அதிகம் செய்கின்றன. தண்டுக்குள் அது மணிக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வேகத்தில் நுனியிலிருந்து அடியை நோக்கி நகர்கிறது. வெட்டிய குச்சியில் அடி முனையைத் தாண்டிப் போக வழியில்லை, வெட்டு வாயில் தேங்குகிறது. தேங்கிய இடத்தில் வேர் பிறக்கிறது.

இந்த ஒருவழிப் பயணத்தைப் புவியீர்ப்பு முடிவு செய்வதில்லை. 1878-இலேயே ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹெர்மன் ஃபோக்டிங், வில்லோ மரக் குச்சிகளை ஈரக் காற்றில் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்த்தார். அப்போதும் மரத்தில் எது அடியாக இருந்ததோ அந்த முனையில்தான் வேர் வந்தது. எது அடி, எது நுனி என்பது குச்சியின் ஒவ்வொரு செல்லிலும் பதிந்திருக்கிறது. அடியைச் சாய்வாகவும் மேல் முனையை நேராகவும் வெட்டும் நர்சரிப் பழக்கம் அழகுக்காக வந்ததல்ல. கட்டாகக் குச்சிகள் கிடக்கும்போது தலைகீழாக நட்டுவிடாமல் அது காப்பாற்றும்.

கடையில் விற்கும் வேர்ப் பொடியில் இருப்பது பெரும்பாலும் ஐபிஏ என்ற இண்டோல் பியூட்ரிக் அமிலம். செடியின் சொந்த ஆக்சின் சீக்கிரம் சிதைந்துவிடும், இது அதைவிட நின்று வேலை செய்யும். இளந்தண்டுக்குச் சுமார் 1,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு), பாதி முற்றியதற்கு 3,000, கட்டை பிடித்ததற்கு 8,000 என்பது வழக்கமான அளவு. கூடுதலாகப் போட்டால் கூடுதலாக வேர் வரும் என்று எண்ணிவிடாதீர்கள். அளவு மீறிய ஆக்சின் மொட்டை அடக்கும், வேர் நீள்வதைத் தடுக்கும், அடித்தண்டைக் கருக்கும். களைக்கொல்லியான 2,4-டி-யும் ஆக்சின் போலவே செயல்படும் பொருள்தான்.

இளநீரில் ஊற வைக்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. இளநீரில் வளர்ச்சிப் பொருள்கள் இருப்பது உண்மை. ஆனால் அது பேர் பெற்றது சைட்டோகைனின் என்ற வேறொரு வளர்ச்சிப் பொருளுக்காக. ஆக்சின் மிகுந்தால் வேர், சைட்டோகைனின் மிகுந்தால் தளிர் என்று 1957-இல் ஸ்கூக், மில்லர் இருவரும் புகையிலைத் திசுவில் காட்டினார்கள். இளநீரில் கொஞ்சம் ஆக்சினும் உண்டு என்றாலும், அதிலுள்ள சர்க்கரை பூஞ்சையை அழைத்து வரும். என் கருத்தில் அதைக் குடித்துவிடுவதே மேல்.

பொடியைவிடப் பெரிய விஷயம் நீர்க்கணக்கு. இலை நீரை விட்டுக்கொண்டே இருக்கிறது, உறிஞ்சித் தர வேர் இல்லை. இலையை மொத்தமாகக் கிள்ளிவிட்டாலோ, ஆக்சினும் சர்க்கரையும் வரும் வழி அடைபடும். அதனால் இளந்தண்டுக் குச்சியில் இரண்டு மூன்று இலை விட்டு, பெரிய இலையாக இருந்தால் பாதியாக நறுக்கி, பாலித்தீன் பையால் மூடி நிழலில் வைக்கிறோம். மூடிய பைக்குள் காற்று ஈரமாக இருப்பதால் இலை விடும் நீர் குறையும். கத்திரி வெயிலில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம், மழைக்காலக் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். முருங்கைப் போத்து நடும்போது மேல் முனையில் சாணி அப்புவதும் இதே காரணத்துக்குத்தான்: வெட்டு வாய் வழியாக ஈரம் போகாது. கள்ளி, அரளியின் உறவான ஈழத்தலரி (பிளுமேரியா) போன்ற பால் வடியும் சதைத் தண்டுகளுக்கு மட்டும் எதிர்முறை. சில நாள் நிழலில் கிடத்தி, வெட்டைக் காய விட்டு நட வேண்டும். இல்லாவிட்டால் அழுகும்.

இந்த நீர்க்கணக்கை மிக அழகாகத் தீர்த்தது பதியம்தான். கொடியை வளைத்து மண்ணில் புதைக்கும் மல்லிகைப் பதியத்தில், வேர் வரும்வரை தாய்ச்செடியே தண்ணீர் ஊட்டுகிறது. விண்பதியத்தில் இன்னும் நுட்பம் இருக்கிறது. கொய்யாவிலோ மாதுளையிலோ பென்சில் பருமனுள்ள கிளையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரிக்கிறோம். நீர் மேலே ஏறுவது கட்டை வழியாக, அது அப்படியே இருக்கிறது. சர்க்கரை கீழே இறங்குவது பட்டை வழியாக, அது அறுந்துவிட்டது. ஆக்சினின் வழியும் பெரும்பாலும் அங்கேதான். ஆக, இலை வாடாமல் நிற்க, வேருக்கு வேண்டிய சர்க்கரையும் ஆக்சினும் வளையத்தின் மேல் விளிம்பில் தேங்குகின்றன. ஈரமான தென்னை நார்க்கழிவைச் சுற்றிப் பாலித்தீனால் கட்டினால் அந்த விளிம்பில் வேர் இறங்கும். வளையத்தில் வழவழப்பான படலம் ஒட்டியிருந்தால் கத்தியால் வழித்துவிட வேண்டும், இல்லையேல் பட்டை மறுபடி கூடிவிடும்.

எல்லா மரமும் இணங்காது. முருங்கையும் செம்பருத்தியும் எளிதில் வேர் விடும். முதிர்ந்த மாமரத்துக் குச்சி வேர் விடுவது அபூர்வம், அதனால் மாமரத்துக்கு ஒட்டுக் கட்டுகிறார்கள். கறிவேப்பிலையில் குச்சியோடு போராடுவதைவிட, தாய்மரத்தின் வேரிலிருந்து கிளம்பும் கன்றை வேர்த்துண்டோடு எடுத்து நடுவது நல்லது. மரம் முதிர முதிர அதன் செல்கள் வேலையை மாற்றும் திறனை இழக்கின்றன. அதே மரத்தின் அடியில் கிளம்பும் இளங்கிளை, உச்சிக் கிளையைவிட நன்றாக வேர் விடுவதைப் பார்க்கலாம்.

மண்ணிலா தண்ணீரிலா என்ற கேள்விக்கு விடை ஆக்சிஜனில் இருக்கிறது. பிறக்கும் வேர் கடுமையாக மூச்சு விடும். நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைப்போலச் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.5 மட்டுமே. நம் ஊர் வெயிலில் பாட்டில் நீர் சூடானால் குச்சி அழுகுவது இதனால்தான். நீரை இரண்டு மூன்று நாளுக்கொரு முறை மாற்றுங்கள். ஒளி புகாத பாட்டிலில் வைத்தால் பாசியும் வராது.

சந்தையில் வாங்கும் புதினாவின் தண்டுகளை இப்படி நீரில் வைத்தால் ஒரு வாரம் பத்து நாளில் கணுக்களில் வேர் தெரியும். அதை மண்ணுக்கு மாற்றுவதானால் வேர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருக்கும்போதே மாற்றுங்கள். நீரிலேயே நீண்ட வேரில், நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்த்தூவிகள் குறைவு, மண்ணில் திணறும்.

மண்ணே வேண்டாம், நீரிலேயே வளர்ப்போம் என்றால் வெறும் தண்ணீர் போதாது, அதில் தழைச்சத்து கிட்டத்தட்ட இல்லை. ஹைட்ரோபோனிக்ஸ் சத்துக்கரைசல் வேண்டும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரப்பிய முறையில் மோட்டாரும் தேவையில்லை. மூடிய பாத்திரத்தில் கரைசல் குறையக் குறைய நடுவில் காற்று இடைவெளி வளரும், மேல் வேர்கள் அங்கே மூச்சு விடும், கீழ் வேர்கள் நீர் குடிக்கும். குறைந்ததும் விளிம்புவரை நிரப்பிவிடாதீர்கள், மூச்சு விட்டுக்கொண்டிருந்த வேர்கள் மூழ்கிவிடும். இளந்தளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்து எட்டவில்லை என்று பொருள். போர்வெல் நீர் பல இடங்களில் காரத்தன்மை உள்ளது, அதில் சாதாரண இரும்பு கரைந்து நிற்காமல் படிந்துவிடும். கரைசலின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். அதைக் குறைக்க எலுமிச்சைச் சாறு விட்டால் சில நாளில் நுண்ணுயிர்கள் சாற்றின் அமிலத்தைத் தின்றுவிட, பிஎச் மறுபடி ஏறும். மாடியில் பிடித்த மழைநீரில் கரைசல் கலந்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.