சூதாட்டமும் பண ஆசையும்: ஆலோசனை அறையிலிருந்து ஒரு கிறிஸ்தவப் பார்வை

சூதாட்டத்தில் சிக்கியவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்கும் பணியில், சூதாட்டம் பாவம் என்று வேதத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்ற கேள்வியை விசுவாசிகள் பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அப்படியொரு நேரடிக் கட்டளை இல்லை. சீட்டுப் போடுவது, அதாவது குலுக்கல் முறையில் ஒன்றைத் தீர்மானிப்பது, வேதத்தில் பல இடங்களில் வருகிறது. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொண்டபோது அப்போஸ்தலரும் சீட்டுப் போட்டார்கள். ஆனால் அங்கே யாரும் பணத்தைப் பந்தயமாக வைக்கவில்லை. கர்த்தருடைய தீர்மானத்தை அறிவதற்காக ஜெபித்துவிட்டுச் செய்த செயல் அது. ஆதாயத்துக்காகச் சீட்டுப் போட்டவர்களைச் சிலுவையின் அடியில், இயேசுவின் அங்கியைப் பெற முயன்ற போர்ச்சேவகரிடையே பார்க்கிறோம்.

திருச்சபைகளின் நிலைப்பாடுகள் ஒரே மாதிரியானவை அல்ல. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினில் கூடிய எல்விரா சங்கம் என்ற ஆயர் மாநாடு, பணம் வைத்துப் பகடையாடிய விசுவாசியை நற்கருணையிலிருந்து விலக்கி, அவர் திருந்தினால் ஓராண்டுக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விதித்தது. புராட்டஸ்டண்ட் பிரிவுகளில் ஒன்றான மெதடிஸ்ட் மரபு சூதாட்டத்தை நெடுங்காலமாகக் கடுமையாக எதிர்த்து வந்திருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலோ அதன் 2413ஆம் பத்தியில், இவ்வகை ஆட்டங்கள் தம்மளவில் நீதிக்கு முரணானவை அல்ல என்றும், ஒருவர் தம்முடைய அல்லது பிறருடைய அடிப்படைத் தேவைக்கான பொருளை இழக்கச் செய்யும்போது அவை ஏற்கத்தகாதவை ஆகின்றன என்றும், சூதாட்ட வெறி மனிதனை அடிமையாக்கக்கூடும் என்றும் சொல்கிறது. என் நிலைப்பாடு மெதடிஸ்ட் மரபுக்கு அருகிலுள்ளது. அதற்குக் காரணம், சூதாட்டத்தில் வெல்லும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதே. வியாபாரத்தில் பணம் கொடுப்பவருக்குப் பொருளோ சேவையோ கிடைக்கிறது. சூதாட்டத்தில் ஒருவருடைய வெற்றி மற்றவர்கள் இழந்த பணத்தால் மட்டுமே உண்டாகிறது. அவர்களில் சிலர் வாடகைப் பணத்தை இழந்தவர்களாக இருப்பார்கள். கைகளினால் வேலைசெய்து, குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கத்தக்கதாகச் சம்பாதிக்கும்படி எபேசியர் 4:28 சொல்வதற்கு இது நேர் எதிரான வழி.

ஆட்டத்தின் கணக்கையும் விசுவாசிகள் அறிந்திருக்க வேண்டும். ரூலெட் என்பது, சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணிலோ நிறத்திலோ விழும் என்று பந்தயம் வைக்கும் ஆட்டம். அதன் ஐரோப்பிய வகைச் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள் இருக்கின்றன; 0 தவிர மற்றவை சிவப்பு அல்லது கறுப்பு. ஓர் எண்ணில் பந்தயம் வைத்து வென்றவருக்கு, வைத்த தொகையைத் திருப்பித் தருவதோடு அதன் 35 மடங்கும் தருகிறார்கள். இருதரப்புக்கும் சமமான ஆட்டமாக இருந்தால் 36 மடங்கு தரவேண்டும். அந்த வித்தியாசத்தால், வைக்கப்படும் தொகையில் சராசரியாக 2.7 சதவீதம் நடத்துபவரிடமே தங்கிவிடுகிறது. ஒரு மாலையில் யாரும் வெல்லலாம், ஆனால் தொடர்ந்து ஆடுபவருக்கு இந்தக் கணக்கிலிருந்து தப்ப வழியில்லை. 1913இல் மொனாக்கோவின் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்தபோது, அடுத்தது சிவப்பாகத்தான் இருக்கும் என்று நம்பிப் பந்தயத்தைக் கூட்டிக்கொண்டே போனவர்கள் பெரும்பணத்தை இழந்தார்கள். முந்தைய முடிவுகள் எதையும் சக்கரம் நினைவில் வைப்பதில்லை.

பண ஆசையே ஒருவரை ஆட்டத்துக்குள் கொண்டுவருகிறது என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் நெடுநாள் ஆடியவர்களிடம் பேசும்போது, செல்வந்தராகும் கனவை அவர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள் என்பதைக் காண்கிறேன். இழந்ததை மீட்டு, வீட்டாருக்குத் தெரியுமுன் கணக்கைச் சரிசெய்துவிட்டால் போதும் என்பதே அவர்களுடைய ஏக்கமாகிவிடுகிறது. அந்த ஏக்கமே அடுத்த கடனையும் அடுத்த பொய்யையும் பிறப்பிக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேடு, சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் அடிமைத்தனங்களோடு ஒரே பிரிவில் சேர்த்தது. இழந்ததைத் துரத்துவதும், பொய் சொல்லி மறைப்பதும், கடனிலிருந்து மீளப் பிறரை நம்பியிருப்பதும் அதன் அளவுகோல்களில் அடங்குகின்றன. ஐசுவரியவான்களாக விரும்புகிறவர்கள் கண்ணியில் விழுகிறார்கள் என்றும், பண ஆசையை இச்சித்தவர்கள் அநேக வேதனைகளாலே தங்களை உருவக் குத்திக்கொண்டார்கள் என்றும் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை, இந்த மனிதர்களின் முகத்தில் நான் வாசித்திருக்கிறேன்.

ஆகவே, பேராசையைக் கண்டித்துச் செய்யப்படும் பிரசங்கம் மட்டும் இவர்களுக்குப் போதாது. சிலருக்கு மருத்துவக் காரணமும் இருக்கலாம்: பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும், டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைச் சார்ந்து செயல்படும் சில மருந்துகள், அதற்குமுன் ஒருபோதும் ஆடாதவரிடமும் சூதாட்ட உந்துதலை ஏற்படுத்தக்கூடும். அவரிடம் பாவ அறிக்கையைக் கேட்கும் முன் அவருடைய மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும்; மருந்தைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தானது.

போதகர்களிடம் நான் மிகவும் வலியுறுத்துவது கடன் பற்றியது. கண்ணீரோடு வருகிற ஒரு குடும்பத்துக்காக சபையார் அன்பினால் பணம் திரட்டி, கடனை உடனே தீர்த்துவிடுகிறார்கள். நோக்கம் பரிசுத்தமானது, ஆனால் ஆடுபவர் தம் நிலையை முழுவதுமாக வெளிப்படுத்தாதபோது, அந்த உதவி மறுபடியும் கடன் வாங்குவதற்கான இடைவெளியை மட்டுமே உண்டாக்குகிறது. முதலில் கடன்கள் எல்லாவற்றையும், மறைத்தவை உட்பட, வாழ்க்கைத்துணையின் முன் எழுதி வைக்கச் சொல்லுங்கள். வருமானத்தையும் வங்கிக் கணக்கையும் நம்பகமான ஒருவர் சிறிது காலம் கவனித்துக்கொள்ளட்டும். சூதாட்டச் செயலிகளும் அவற்றிலுள்ள கணக்குகளும் மூடப்படட்டும். அதன்பின் பட்டினியையும் வீட்டை இழப்பதையும் தடுக்கிற அளவுக்கு, கடைக்காரருக்கோ வீட்டு உரிமையாளருக்கோ நேரடியாகச் செலுத்தி உதவலாம். சூதாட்டத்திலிருந்து மீள விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும், 1957இல் தொடங்கிய அநாமதேய சூதாடிகள் (Gamblers Anonymous) அமைப்பின் கூட்டங்களிலும், பயிற்சி பெற்ற ஆலோசகரிடமும் அவர் செல்லும்படி துணைநில்லுங்கள்.

இந்த ஒருமுறை வெல்லச் செய்தால் இனி ஆடமாட்டேன் என்று ஜெபித்ததாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்வதில்லை. அந்தப் பந்தயத்துக்குள் தேவனை இழுத்த அதே வாயால் உண்மை நிலையையும் அவரிடம் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். "உங்களுக்கு இருக்கிறவைகள் போதுமென்று எண்ணுங்கள்" என்ற எபிரெயர் 13:5, கையில் ஒன்றும் மிஞ்சாதவருக்குக் கடினமான வசனம்தான். அதே வசனத்தின் பிற்பகுதியான "உன்னைக் கைவிடுவதுமில்லை" என்ற வாக்குறுதியை அவருக்கு முதலில் வாசித்துக் காட்டுகிறேன். கடன் வெளிப்பட்ட நாட்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்கும் அபாயம் அதிகம். அந்நாட்களில் அவரைத் தனியாக விடாதீர்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ, திடீரென்று எல்லாரிடமும் விடைபெறுவதுபோல் நடந்துகொண்டாலோ, நேரடியாகக் கேட்டு, அன்றைக்கே மருத்துவ உதவிக்கு அழைத்துச் செல்லுங்கள்.